இரைச்சல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

இளமையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடிப் பதிந்த பாட்டை, அறுபதாவது வயதில் எடுத்துப் பிறர் கேட்கக் கொடுப்பது ரசனைக் குறைவு என்றொரு புதிய ஆசாரம் நம் இசையன்பர்களிடையே பரவி வருகிறது. அப்பியாசம் அப்பியாசமாகவே மறைய வேண்டும், அரங்கிற்கு வந்தது மட்டுமே இசை, மற்றதெல்லாம் குப்பை என்பது அதன் சாரம். சொல்கிறவர்கள் செவிட்டுக் காதுக்காரர்களாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். நல்ல கேள்வி ஞானம் உள்ளவர்கள், கச்சேரியில் பாதி ஆலாபனைக்குள் ராகத்தைச் சொல்லிவிடக் கூடியவர்கள்தாம் இதைச் சொல்கிறார்கள். அதனால்தான் மறுத்து எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் வழக்கை முதலில் சொல்லிவிடுகிறோம். 1980களின் நடுவில் புதுக்கோட்டை நகரத்தில், வடக்கு ராஜ வீதியை ஒட்டிய ஒரு வீட்டு மாடியில் ஐந்தாறு பேர் கூடிப் பாடிக்கொண்டிருந்தோம். ஓர் ஆர்மோனியம், ஒரு கஞ்சிரா, எவர் மடியிலோ ஒரு பித்தளைக் குடம். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் விட்டுச் சென்ற ‘டூ-இன்-ஒன்’ பெட்டி வந்த பிறகு, பாடியதைப் பதியவும் தொடங்கினோம். அப்படிச் சேர்ந்தவை 43 கேசட்டுகள். திரைப்பாட்டு, தேவாரம், பஜனை மடத்து உருப்படிகள், எங்களில் ஒருவர் மெட்டமைத்த சில அசட்டுப் பாடல்கள், திருவப்பூர் மாரியம்மன் மாசித் திருவிழாவில் தெருவில் நின்று பிடித்த கும்மி, ஆலங்குடிப் பக்கத்துக் கிராமமொன்றில் கிழவிகளிடம் கேட்டுப் பதிந்தவை என எல்லாம் அவற்றில் கலந்து கிடக்கின்றன. எங்களில் ஒருவரும் பாடகராகவில்லை. ஒருவர் கூட்டுறவு வங்கியில் ஓய்வு பெற்றார். ஒருவர் கீரனூரில் உரக்கடை வைத்திருக்கிறார். இருவர் இப்போது இல்லை.

இந்தக் கேசட்டுகளைத்தான் தூக்கி எறியச் சொல்கிறார்கள். எறிய மாட்டோம். ஏன் என்பதை விளக்கத்தான் இவ்வளவும்.

முதலில் அந்தப் பெட்டி எப்படிக் கேட்டது என்று பார்க்க வேண்டும். அக்காலத்து மலிவு விலை டேப் ரிக்கார்டர்களில் ஒலியளவைத் தானே திருத்திக்கொள்ளும் ஒரு சுற்று இருந்தது. உரக்கப் பாடினால் ஒலியைத் தாழ்த்தும். பாட்டு ஓய்ந்தால், எதையாவது கேட்டே தீருவேன் என்பதுபோல் தன் காதை மெல்ல மெல்லத் தீட்டிக்கொள்ளும். ஆகையால் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளிகளிலெல்லாம் சுற்றுப்புறம் எழுந்து முன்னே வரும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே காக்கை கரையும்; கீழ்வீட்டுக் குழாயடியில் குடம் இடிபடும்; பேருந்து நிலையத்துப் பக்கமிருந்து ஆரன் ஒலிக்கும்; யாரோ ஒரு தாய், ‘டேய், சாப்பிட வாங்கடா’ என்பாள். ஒலிக்கூடத்தில் லட்சக்கணக்கில் செலவழித்தாலும் இப்படிப்பட்ட தாளக்கட்டோடு ஊரைப் பாட்டுக்குள் கொண்டுவர முடியாது. மின்கலம் தீர்ந்துகொண்டிருக்கும்போது பதிந்தால் நாடா மெதுவாக ஓடியிருக்கும். பிறகு சரியான வேகத்தில் போட்டுக் கேட்கும்போது சுருதி ஏறிக் குரல் கீச்சிடும். எங்களுடைய 17ஆவது கேசட்டின் கடைசிப் பத்து நிமிடங்களில் எல்லாரும் படிப்படியாகச் சிறுவர்களாகிவிடுகிறார்கள். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். அந்த ஏற்றத்தை அளந்தால் அன்று மாலை மின்சாரம் இருந்ததா இல்லையா என்பதைக்கூடச் சொல்லலாம் என்பது எங்களில் ஒருவருடைய வாதம். அது கொஞ்சம் மிகைதான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். வீட்டில் பதிவது என்பது ஏதோ கேசட் காலத்துக் கேளிக்கை என்று எண்ணுகிறவர்கள் எடிசனை மறந்துவிட்டார்கள். 1877இல் அவர் அமைத்த கருவியின் வழிவந்த மெழுகு உருளைப் பெட்டி, கேட்கவும் பதியவும் ஒருங்கே இடம்தந்தது. வாங்கியவர் தம் வீட்டிலேயே பாடிப் பதியலாம். பிடிக்காவிட்டால் மெழுகைச் சீவிவிட்டு மறுபடி பாடலாம். ஹங்கேரியின் பார்டோக் 1906 முதல் கிராமம் கிராமமாகப் போய்க் குடியானவர் பாட்டைப் பிடித்து வந்ததும் இத்தகைய கருவியில்தான். பிறகு பெர்லினரின் தட்டு வந்தது. தட்டை ஆயிரக்கணக்கில் அச்சடிக்கலாம். ஆனால் வீட்டில் பதிய முடியாது. அந்தத் தட்டு வியாபாரத்துக்காகத்தான் 1902இல் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரைப் பதிந்தார். அந்நாளிலிருந்து இந்தியக் குடும்பங்கள் இசையைக் காசு கொடுத்து வாங்கிக் கேட்கப் பழகின. பாடும் வாய் ஓரிடத்திலும் கேட்கும் காது வேறிடத்திலுமாகப் பிரிந்தன. ராகம் மூன்று நிமிடத்துக்குள் முடங்கக் கற்றுக்கொண்டது. இடையில் ஸ்பூல் ரிக்கார்டர்கள் வந்தன என்றாலும், எங்கள் ஊரில் அதைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு.

1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகம் செய்தது. அது நம் சிற்றூர்களின் தெருக்களுக்கு உண்மையில் வந்து சேர்ந்தது 1980களை ஒட்டித்தான். புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அது வந்த வழியும் தனி. அறந்தாங்கி, ஆலங்குடி வட்டாரங்களிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போனவர்களின் பெட்டியில் வந்தது. எழுதத் தெரியாத தாய்மார்கள் கேசட்டில் பேசி அனுப்பினார்கள். பிள்ளைகள் கேசட்டிலேயே மறுமொழி அனுப்பினார்கள். கடிதம் முடிந்து நாடா மிச்சமிருந்தால் ஒரு பாட்டு. நொடிக்கு 4.76 செண்டிமீட்டர் வேகத்தில் ஓடும் நாடா, பக்கத்துக்கு அரைமணி என்றால், சுமார் 86 மீட்டர். அந்த 86 மீட்டரின் கடைசி ஐந்தாறு மீட்டரில் பாடப்பட்ட தாலாட்டுகளும் மாரியம்மன் பாட்டுகளும் எத்தனை எத்தனையோ. எந்த நிறுவனம் அவற்றைத் தட்டில் அச்சடித்தது? மெழுகு உருளையோடு பறிபோன ஓர் உரிமை, ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு கழித்துச் சாமானியர் கைக்குத் திரும்பிய காலம் அது. அந்தக் காலத்தின் சான்றுகளைத்தான் ‘தரமில்லை’ என்று தள்ளுகிறார்கள்.

தரம் பேசுகிறவர்களை நாங்கள் குடுமியான்மலைக்கு அழைக்கிறோம். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். சிகாநாதசுவாமி கோயிலின் பின்னால், மேலைக்கோயில் எனப்படும் குடைவரையை அடுத்த பாறைச் சரிவில் ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடிப் பரப்பில், கிரந்த எழுத்தில் சுரங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மத்தியமகிராமம் தொடங்கிக் கைசிகம் வரை ஏழு பிரிவுகள். நான்கு நான்காகக் கட்டிய சுரக்கோவைகள். ஒரே சுரத்துக்கு உயிரெழுத்தை மாற்றி மாற்றி நான்கு ஒலிகள். மகேந்திரவர்மன் செதுக்கச் செய்தது என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். அதை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் ஒன்றில் ஐயமில்லை. உருத்திராசாரியாரின் மாணவனாகிய ஓர் அரசன், மாணாக்கர்களின் நன்மைக்காகச் செய்தது என்று கல்வெட்டே சொல்கிறது. மாணாக்கர்களின் நன்மைக்காக! அதாவது இந்திய இசை வரலாற்றின் தலையாய ஆவணங்களுள் ஒன்று, ஒரு பயிற்சி ஏடு. அதில் சாகித்தியம் இல்லை, கற்பனை இல்லை. அரங்கில் ஒருவரும் அதைப் பாடிக் கைதட்டல் வாங்கியிருக்க மாட்டார்கள். அப்பியாசத்தை வெளியே காட்டக் கூடாது என்ற ஆசாரம் அக்காலத்தில் ஆண்டிருந்தால் அந்தப் பாறை இன்றும் வெறும் பாறையாகவே இருந்திருக்கும். ஆடு மேய்ப்பவர்களுக்கு உட்கார வசதியாக.

அந்தப் பாறை முன் நின்றவர்களுக்கு ஓர் ஏக்கம் எழாமல் இராது. எழுத்து இருக்கிறது, ஒலி இல்லை. அந்த நான்கு உயிரொலிகள் சுருதி வேறுபாடா, மீட்டும் முறையா என்று அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாக விவாதிக்கிறார்கள். ஒரு மாணவன், மோசமாகவே பாடினாலும் சரி, அரை நிமிடம் பாடிக் காட்டிய ஒலி கிடைத்தால் அத்தனை விவாதமும் தீர்ந்துவிடும். அவன் குரல் கட்டியிருந்தது, சுருதி விலகியது, பின்னால் ஆடு கத்தியது என்று எவராவது அதை ஒதுக்குவார்களா?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் என்று போற்றப்படும் மான்பூண்டியா பிள்ளை எங்கள் ஊர்க்காரர். அரண்மனையில் லாந்தர் தூக்கும் வேலையிலிருந்தவர், தவில் கலைஞர் ஒருவரிடம் லயம் கற்றார் என்பார்கள். அவரும் அவர் மாணவர் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் வளர்த்த கணக்கு, புதுக்கோட்டை வழி என்றே பெயர் பெற்றது. ஊரில் பெரியவர்கள் அவரைப் பற்றிச் சொல்லும் கதைகள் ஏராளம். எங்கள் காதுக்கு எட்டியவை கதைகள் மட்டுமே. லாந்தரைக் கீழே வைத்துவிட்டு அந்த இளைஞர் தோலில் விரல் பதித்துத் தப்பும் தவறுமாகத் தட்டிப் பார்த்த ஒரு மாலை இருந்திருக்கும். அந்த ஒலி கிடைத்தால், முதிர்ந்த மேதையின் கச்சேரிப் பதிவுக்கு நிகராக அதையும் வைத்துப் போற்றமாட்டோமா?

இங்கே எங்கள் தரப்பு நண்பர்கள் சிலர் துள்ளிக்கொண்டு வந்து ஓர் உதவி செய்கிறார்கள். அந்த உதவி வேண்டாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பீட்டில்ஸைப் பாருங்கள் என்கிறார்கள். 1957 ஜூலை 6 அன்று லிவர்பூலின் வூல்டன் தேவாலயத் திருவிழாவில் பள்ளிப் பையன் ஜான் லென்னன் பாடியதை ஒருவர் குருண்டிக் பெட்டியில் பிடித்தார், 1994இல் அந்த நாடா ஏலம் போயிற்று, ஈ.எம்.ஐ. நிறுவனமே வாங்கியது. (வாங்கியும் தன் ஆந்தாலஜி தொகுப்பில் அதைச் சேர்க்கவில்லை. தரம் பேசுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.) ஸ்பிரிங்ஸ்டீனைப் பாருங்கள், 1982இல் வீட்டில் நான்கு தடக் கேசட் கருவியில் பாடிப் பதிந்ததை அப்படியே ‘நெப்ராஸ்கா’ என்று வெளியிட்டார் என்கிறார்கள். உண்மைதான். ஆனால் இந்த வாதம் எதிராளியின் வாதத்தைவிட மோசமானது. பின்னாளில் புகழடைந்தவனுடைய தொடக்கம் என்பதால் அது மதிப்புடையது என்றால், புகழடையாதவனுடைய தொடக்கம் குப்பை என்று ஒப்புக்கொண்டதாகிறது. எங்கள் மாடியிலிருந்து லென்னன் ஒருவரும் வரவில்லை. வந்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் எங்கள் கட்சி.

புகழடையாதவர்கள் பாடியதில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு திரைப்பாட்டு ஒலிக்கூடத்திலிருந்து புறப்பட்டு, வானொலி வழியாக ஒரு சிற்றூரின் தொண்டைக்குள் இறங்கி எப்படி மாறிற்று என்பது இருக்கிறது. இருபது வயலின் வாசிக்கும் இடத்தை ஆர்மோனியத்தில் இரண்டு விரல் எப்படி நிரப்பிற்று, நிரப்ப முடியாத இடத்தில் வாயால் எப்படி ‘தன்னன்னா’ போட்டுச் சமாளித்தார்கள் என்பது இருக்கிறது. பஜனை மடத்தில் நாற்பது ஆண்டு பாடியவர், பதிவுப் பெட்டியைக் கண்டதும் தம் இயல்பான மெட்டை விட்டுவிட்டு வானொலி வித்துவானைப் போல் பாட முயன்று, இரண்டாம் அடியில் மறந்துபோய்ப் பழைய மெட்டுக்கே திரும்பும் ஓரிடம் எங்களிடம் இருக்கிறது. இசையின் சமூகவியலை எழுதுகிறவர்கள் அந்த நாற்பது நொடிக்காக நடந்தே வர வேண்டும்.

புதுக்கோட்டைக்கு இது தெரியாத விஷயமும் அன்று. திருக்கோகர்ணத்தில் ஞானாலயா நூலகம் இருக்கிறது. தமிழ் நூல்களின் முதற்பதிப்புகளைத் தேடித் தேடிக் கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் சேர்த்து வைத்த இடம் அது. முதற்பதிப்பில் அச்சுப்பிழை இருக்கும். தாள் மட்டமாக இருக்கும். ஆசிரியரே பின்னாளில் திருத்திய வரிகள் திருத்தப்படாமல் இருக்கும். அவற்றுக்காகவேதான் ஆய்வாளர்கள் அங்கே போகிறார்கள். எங்கெங்கிருந்தோ வந்து முதற்பதிப்பைத் தடவிப் பார்த்து நெகிழ்கிற அதே அன்பர்கள்தாம், ஒலிநாடா என்றதும் திருத்திய பதிப்பு மட்டும் போதும் என்கிறார்கள். கண்ணுக்கு ஒரு நீதி, காதுக்கு ஒரு நீதி.

எறியச் சொல்பவர்களைவிட எங்களுக்கு அச்சமூட்டுகிறவர்கள் துலக்கித் தருபவர்கள். 1986இல் ஆலங்குடிப் பக்கத்தில் பதிந்த ஒரு பாட்டு. கல்யாண வீட்டில் அதிரசத்துக்கு மாவிடித்துக்கொண்டே இரு பெண்கள் பாடியது. ஒரே உரலில் இரண்டு உலக்கை, மாற்றி மாற்றி விழும். அரைவை ஆலைகள் ஊருக்கு ஊர் வந்துவிட்ட பிறகும் கல்யாண மாவைக் கையால்தான் இடிக்க வேண்டும் என்ற வழக்கம் அந்த வீட்டில் எஞ்சியிருந்ததால் கிடைத்த பதிவு அது. நாடா பழுதாகிறதே என்று பெருநகரத்து ஒலிக்கூடம் ஒன்றில் கணினிக்கு மாற்றக் கொடுத்தோம். அக்கறையோடுதான் செய்தார்கள். திரும்பி வந்ததைக் கேட்டபோது உலக்கை இல்லை. குரல் தாழும் இடங்களில் ஒலியை அடைத்துவிடும் வசதி ஒன்று மென்பொருளில் உண்டு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ளதெல்லாம் இரைச்சல் என்பது அதன் தீர்ப்பு. உலக்கை விழுந்ததெல்லாம் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில். அந்த நடுவிடங்களை வழித்து எடுத்துவிட்டார்கள். தாளம் போயிற்று. தாளம் போனதும் பாட்டின் நீட்டலுக்கும் குறுக்கலுக்கும் காரணம் புரியாமல், இரண்டு பெண்கள் ஏதோ தடுமாறிப் பாடுவதுபோல் ஆகிவிட்டது. அதோடு விட்டார்களா? சுருதியையும் ‘சரி’ செய்திருந்தார்கள். பன்னிரண்டு படிகளில் ஒன்றில் வந்து நிற்காத குரலை இழுத்துப் படியில் நிறுத்துவது அது. அந்தப் பெண்களின் காந்தாரம் எந்தப் படியிலும் நிற்காத காந்தாரம். அந்த ஊருக்கே உரியது. மூல நாடா எங்களிடம் இருந்ததால் தப்பித்தோம். மாற்றியாயிற்று என்று மூலத்தை எறிந்த வீடுகள் எத்தனை இருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

எதிர்த்தரப்பில் எங்களைத் தயங்க வைத்த கேள்வி ஒன்றே ஒன்று உண்டு. அந்தப் பெண்கள் உலகத்துக்காகப் பாடவில்லையே, வீட்டுக்காகப் பாடினார்களே, உலகத்துக்கு எடுத்துக் கொடுக்க நீங்கள் யார் என்ற கேள்வி. இதற்கு மழுப்பலாக விடை சொல்ல முடியாது. ஒப்பாரிப் பதிவுகள் நான்கு எங்களிடம் உள்ளன. இறந்தவரின் பெயரும் அவருக்குக் கடன் கொடுத்து ஏமாற்றியவரின் பெயரும் அவற்றில் வருகின்றன. அந்தக் குடும்பங்கள் இசைந்தாலன்றி அவற்றை ஒருவருக்கும் தர மாட்டோம், கேட்டுப் பார்த்தோம், இரண்டு குடும்பங்கள் மறுத்துவிட்டன, அத்தோடு முடிந்தது. ஆனால் வெளியிடாதே என்பது வேறு, அழித்துவிடு என்பது வேறு. பீரோவில் பூட்டி வைக்க வேண்டிய கடிதத்தை அடுப்பில் போடச் சொல்பவரோடு எங்களுக்கு உடன்பாடில்லை. சொந்தக் குரலைப் பற்றி மட்டும் வெட்கப்படுகிறவர்களுக்கு வேறு விடை: வெட்கமாகத்தான் இருக்கும், எங்களுக்கும் இருக்கிறது, அதற்காகப் பின்னணியில் பேசும் உங்கள் தாயாரின் குரலையும் சேர்த்து அழிப்பீர்களா?

வீட்டில் பழைய கேசட் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்றும் பெரிய வித்தையன்று. பின்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் பற்களை உடைத்துவிடுங்கள். அதன் மேல் வேறெதையும் எவரும் பதிய முடியாது. (ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள். அந்தத் தந்திரம் நம் எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது.) நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தால் போட்டுப் பார்க்காதீர்கள், கருவியின் ஹெட் வழியாக அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். நன்றாக இருந்தால் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டுப் பிறகு போடுங்கள். கணினிக்கு மாற்றும்போது எம்பி3 ஆகச் சுருக்காமல், வேவ் கோப்பாக, எந்தத் துலக்கலும் இல்லாமல் ஒரு படி எடுத்துத் தனியே வையுங்கள். அதன் பிறகு இன்னொரு படியை வைத்துக்கொண்டு என்ன விளையாட்டு வேண்டுமானாலும் விளையாடலாம். கோடைகாலத்தில் ஓட்டு வீட்டுப் பரணிலும் இரும்பு பீரோவின் தலையிலும் கேசட் வைப்பதை இன்றே நிறுத்துங்கள். நல்ல டெக் கிடைப்பது அரிதாகிவிட்டது. ரப்பர் பட்டை மாற்றத் தெரிந்தவர்களும் எங்கள் ஊரில் அருகிவிட்டார்கள். இருக்கும்போதே பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உறையின் மேல் பெயர் எழுதுங்கள்: யார், எங்கே, எந்த ஆண்டு, உடன் யார். எங்கள் 29ஆவது கேசட்டின் இரண்டாம் பக்கத்தில், கும்மி முடிந்ததும் ஒரு பெண் தனியாக ஒரு தாலாட்டை எடுக்கிறார். நான்கு நிமிடம். 43 கேசட்டிலும் அதற்கு இணையான குரல் இல்லை. உறையில் ‘திருவப்பூர், மாசி’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. மூவரிடம் போட்டுக் காட்டினோம். மூவரும் மூன்று பெயர் சொன்னார்கள். அன்று கும்மிக்கு முன்னடி எடுத்துக் கொடுத்த அம்மாள் இப்போது அறந்தாங்கியில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்படுகிறோம். காது கொஞ்சம் மந்தமாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறோம்.